இசக்கி சொன்ன விடைகள்

மந்திரம் ஒண்ணும் சொல்லலைம்மா. நீங்க ரெண்டு மூணு தடவை திரும்பிப் பாத்தீங்கல்லா, அதான் சொல்லுதேன். பிள்ளைகளோட வளர்ச்சி நிலைகள். பொறந்ததுல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் ஒண்ணு, ரெண்டுல இருந்து ஏழு வரைக்கும் ஒண்ணு, அப்படி நாலு இருக்கு. கோவில்பட்டியில பஸ் ஏறுனதுல இருந்து சொல்லிக்கிட்டே வாரேன். மூணு வந்துருது. நாலாவது மட்டும் நழுவிருது. கண்ணை மூடுனா வருது, தொறந்தா போயிருது.

நான் டீச்சர்ம்மா. ஆமா, டீச்சர்தான். பேரு ஆவுடையம்மாள். கோவில்பட்டிக்குப் பக்கத்துல ஒரு உதவி பெறுற ஆரம்பப் பள்ளிக்கூடத்துல இருபத்தாறு வருஷமா மூணாங்கிளாசும் அஞ்சாங்கிளாசும் எடுக்கேன். இப்ப படிச்சிக்கிட்டு வாரேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க, எங்க வீட்டுக்காரரே சிரிக்காரு.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பேப்பர்ல வந்துச்சே. தகுதித் தேர்வு எழுதாம வேலையில இருக்குற வாத்தியார் எல்லாரும் ரெண்டு வருஷத்துக்குள்ள எழுதிப் பாஸ் பண்ணணும், இல்லைன்னா வீட்டுக்குப் போகணும்னு தீர்ப்பு. அஞ்சு வருஷத்துக்குள்ள ரிட்டயர் ஆகுறவங்களுக்கு மட்டும் வேண்டாம். எனக்கு அம்பத்தி ஒண்ணு. இன்னும் ஒம்பது வருஷம் இருக்கு.

அந்தத் தீர்ப்பு வந்த அன்னைக்கு மத்தியானம் நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். எங்க ஹெச்.எம். போனைப் பாத்துட்டு வாசிச்சாங்க. அவங்களுக்கு ரெண்டு வருஷந்தான் பாக்கி. வாசிச்சு முடிச்சிட்டு, "ஆவுடையம்மா, அந்தத் துவையலை இங்க தள்ளுங்க"ன்னாங்க. எனக்கு வாயில இருந்த சோறு உள்ளயும் போகலை, வெளியயும் வரலை. அவங்க துவையலைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டதை நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்குப் புடிச்ச பயம்மா.

என்னைப் பத்திச் சொல்லணும்னா நான் பயந்த ஆளே கிடையாது. என் கிளாசுல ஊசி விழுந்தா சத்தம் கேக்கும். வராண்டாவுல என் செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், பிள்ளைக வாய்ப்பாட்டை எடுத்துருவாக. மார்க்கை நான் சத்தமாத்தான் வாசிப்பேன். கூடுன மார்க்ல இருந்து இல்ல, குறைஞ்ச மார்க்ல இருந்து. அப்பத்தான் ரோஷம் வரும். எத்தனை பெத்தவங்க வந்து, "டீச்சர், ஒங்க கையில ஒப்படைச்சிட்டோம், தோலை உரிச்சிருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க தெரியுமா.

முதல்ல ஒரு கைடு வாங்குனேன். அதுக்கு வருகைப் பதிவேட்டு அட்டையைப் போட்டு வச்சுக்கிட்டு, பிள்ளைகளுக்குக் கணக்குக் குடுத்துட்டு மேசைக்கு அடியில வச்சுப் படிப்பேன். பிள்ளைக கண்ணு எப்பேர்ப்பட்ட கண்ணு! மூணாங்கிளாசுல ஒருத்தி எந்திரிச்சு, "டீச்சர், நீங்க பெயிலாயிட்டா எந்த கிளாசுல ஒக்காருவீங்க?"ன்னு கேட்டா. வெகுளியாத்தான் கேட்டா. நான் அவளை வெளிய நிப்பாட்டிட்டேன்.

அப்புறம் கோவில்பட்டியிலயே ஒரு பயிற்சி நிலையத்துல ஞாயித்துக்கிழமை சேர்ந்தேன். சுத்திலும் இருபத்திரண்டு, இருபத்திமூணு வயசுப் பிள்ளைக. முதல் நாளே மாதிரித் தேர்வு. நூத்தம்பது கேள்வி. நானும் எழுதுனேன். சாயங்காலம் அங்க இருக்குற சார், சின்ன வயசுதான், மைக்கைப் புடிச்சுக்கிட்டு மார்க் வாசிக்காரு. "ஆவுடையம்மாள், அம்பத்தெட்டு." எல்லாரும் திரும்புதாக. அம்பத்தொரு வயசு மனுஷி, ஒரு டீச்சர், அவளை நாலு பேருக்கு முன்னால இப்படி அசிங்கப்படுத்தலாமா? படிச்சவன்தானே? ஒரு இங்கிதம் வேண்டாமா? அதோட அந்தப் பக்கமே நான் போகலை.

அப்பத்தான் இசக்கி ஞாபகம் வந்துச்சு.

இசக்கியம்மாள் என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பெஞ்சாதி. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. என்னைவிடப் பன்னெண்டு வயசு சின்னவ. அவளும் வாத்தியார் படிப்புப் படிச்சவதான். இந்தத் தகுதித் தேர்வு வந்த புதுசுலயே எழுதி முதல் தடவையே பாஸ் பண்ணிட்டா. நூத்தி நாலு மார்க். ஆனா வேலை கிடைக்கலை. அவளை மாதிரி பாஸ் பண்ணிட்டு உக்காந்திருக்குறவங்க எத்தனையோ பேரு. அவளும் ஒரு தனியார் நர்சரி ஸ்கூல்ல பன்னெண்டு வருஷமா எல்.கே.ஜி. எடுத்துக்கிட்டு இருந்தா.

நான் ஒண்ணும் தப்பாப் பேசுறவ இல்ல. ஒரு பொங்கலுக்கு எல்லாரும் இருக்கும்போது, "பாஸ் பண்ணி என்னத்துக்கு இசக்கி, அந்த சர்டிபிகேட்டை வச்சு கொழுக்கட்டை அவிக்கவா முடியும்"னு சொன்னேன். வெளையாட்டுக்குத்தான். அவளும் சிரிச்சா.

போய் நின்னேன். "இசக்கி, எனக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுப்பியா?"ன்னேன். வீட்டுல மாவு ஆட்டிக்கிட்டு இருந்தா. கையைத் துடைச்சுக்கிட்டு, "உக்காருங்கக்கா"ன்னா. வேற ஒரு வார்த்தை கேக்கலை. அன்னைக்கே ஆரம்பிச்சிட்டா.

தினம் சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு. அவ சொல்லிக்குடுத்தா புரியும்மா, அதை நான் ஒத்துக்கிடணும். கணக்கு, தமிழ் எல்லாம் ஓரளவு வந்துருச்சு. அந்தக் குழந்தை உளவியல்தான் எனக்கு ஆகவே இல்ல. ஒரு கேள்வி பாருங்க. தேர்வு பயம் உள்ள குழந்தையை ஆசிரியர் எப்படிக் கையாளணும்? கண்டிக்கணுமா, பெத்தவங்களைக் கூப்பிடணுமா, தனியாப் பேசித் தைரியம் சொல்லணுமா, கண்டுக்காம விட்டுரணுமா? நான் கண்டிக்கணும்னு போட்டேன். தப்புன்னுட்டா.

"என்ன இசக்கி, இருபத்தாறு வருஷமா நான் கண்டிச்சுத்தானே படிக்க வைக்கேன்?"

"அது கிளாசுலக்கா. இங்க தனியாப் பேசணும்னு போடுங்க."

எனக்கு மனசே வரலை. என் கிளாசுல பாண்டிமீனான்னு ஒருத்தி. பரீட்சைன்னாலே காலையில வாந்தி எடுப்பா. எனக்குத் தெரியாதா நடிப்பு? மூஞ்சியைக் கழுவிட்டு வந்து எழுதுன்னு உக்கார வச்சிருவேன். எழுதத்தானே செஞ்சா? இவளுகளோட தனியாப் பேசிக்கிட்டு இருந்தா பாடம் எப்ப நடத்த?

சரி, அவ சொன்னபடியே போட்டேன். அவ வச்ச மாதிரித் தேர்வுல எழுவது வாங்குனேன். அப்புறம் எழுவத்தொம்பது. அப்புறம் எம்பத்தாறு. பாஸ் மார்க்கைத் தாண்டி எம்பத்தாறு வந்த அன்னைக்கு இசக்கி கை தட்டுனா பாருங்க, சின்னப் பிள்ளை மாதிரி. கேசரி கிண்டிக் குடுத்தா. அன்னைக்கு நல்லாத் தூங்குனேன்.

கயத்தாறு தாண்டிட்டோமா? இன்னும் நேரம் இருக்கு, சரி.

பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கும்போது எங்க ஹெச்.எம். பேச்சுவாக்குல சொன்னாங்க. "உங்க ஓரகத்தி நம்ம ஸ்கூல் செயலர்கிட்ட மனு குடுத்திருக்காங்களாமே? நல்ல பிள்ளை, நல்லா எடுப்பா." எங்க ஸ்கூல் உதவி பெறுற ஸ்கூல்லா, காலி விழுந்தா நிர்வாகம்தான் ஆள் போடும். அவங்க பேசிக்கிட்டே இருக்காங்க, எனக்குக் காதுல விழலை. நான் போனாத்தானே எடம் காலியாகும்? நான் எப்பப் போவேன்? பெயிலானா. எனக்குச் சொல்லிக்குடுக்குறவ யாரு? அவ.

நீங்களே சொல்லுங்க, என் எடத்துல இருந்தா உங்களுக்குத் தோணாதா?

அன்னைக்கு வீட்டுக்கு வந்து கைடையும் அவ சொல்லச் சொல்ல நான் எழுதுன நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒவ்வொரு விடையாப் பாத்தேன். மாட்டுச்சு ஒண்ணு. மூணரை மணிக்குக் கடிகாரத்துல ரெண்டு முள்ளுக்கும் நடுவுல எத்தனை டிகிரி? கைடுல தொண்ணூறுன்னு போட்டிருக்கு. இவ எழுபத்தஞ்சுன்னு சொல்லிக்குடுத்திருக்கா. ஒண்ணு மாட்டுனா போதாதா? மிச்சத்துல எத்தனை இருக்கோ? இத்தனை நாளா என் மண்டையில என்னென்னத்தை ஏத்தி வச்சிருக்காளோ? எது சரி, எது தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா நான் ஏன் அவகிட்டப் போறேன்?

மறுநாள் அரை நாள் லீவு போட்டுட்டு நேரா அவ ஸ்கூலுக்குப் போனேன். நாலு மணி. எல்.கே.ஜி. பிள்ளைகளை வரிசையா நிக்க வச்சு, கேட்டுல பெத்தவங்க கையில ஒவ்வொண்ணாப் புடிச்சுக் குடுத்துக்கிட்டு நிக்கா. என்னைப் பாத்ததும், "வாங்கக்கா"ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பைப் பாத்ததும் எனக்கு வந்துச்சு பாருங்க.

"என் சோத்துல மண்ணள்ளிப் போடத்தான் எனக்குப் பாடம் எடுத்தியா? எங்க ஸ்கூல்ல வேலை கேட்டு மனு போட்டிருக்கியாமே? என்னை வெளிய தள்ளிட்டு நீ உக்காரப் பாக்கியா?"

சத்தமாத்தான் கேட்டேன். டீச்சர் தொண்டை, மெதுவா வராது. பெத்தவங்க எல்லாரும் நின்னுட்டாங்க. பிள்ளைக ரெண்டு மூணு அழுதுருச்சு. அந்த ஸ்கூலை நடத்துற மேடம் ரூமை விட்டு வெளிய வந்து படியில நிக்கா.

இசக்கி பதிலுக்குச் சத்தம் போடலை. ஒரு பிள்ளை கையைப் புடிச்சுக்கிட்டே சொன்னா. "அக்கா, அது ஹெச்.எம். ரிட்டயர் ஆகுற எடத்துக்குக் குடுத்தது. உங்க எடம் இல்ல."

"அப்ப அந்தக் கடிகாரக் கணக்கு? கைடுல தொண்ணூறு போட்டிருக்கே?"

"மூணு மணிக்குத்தானேக்கா தொண்ணூறு? மூணரைக்குச் சின்ன முள்ளும் நகந்திருக்கும்லா. கைடுல அச்சுல தப்பு." அப்புறம், "வீட்டுக்குப் போங்கக்கா. பரீட்சைக்கு இருபது நாளுதான் இருக்கு. வெயில்ல நிக்காதீங்க"ன்னா.

நான் நம்பலை. நம்புறதுக்குப் பயமா இருந்துச்சு.

அடுத்த திங்கக்கிழமை அவளை அந்த ஸ்கூல்ல நிப்பாட்டிட்டாங்க. வருஷ நடுவுல விட்டுட்டுப் போற டீச்சர் வேண்டாம்னு அந்த மேடம் சொல்லிட்டாளாம். அது அவங்க ஸ்கூல் விஷயம். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? எங்க வீட்டுக்காரருதான் என் மூஞ்சியைப் பாத்துச் சாப்பிடுறதை விட்டுட்டாரு. பன்னெண்டு வருஷமாப் பாத்த வேலையை உன் வாயால கெடுத்திட்டியேன்னாரு. நான் ஒண்ணும் மேடம்கிட்டப் போய்ச் சொல்லலையே? இசக்கிகிட்டத்தானே சொன்னேன்?

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொழுந்தன்கிட்ட ஒரு நோட்டைக் குடுத்துவிட்டிருந்தா. "அக்காகிட்டக் குடுத்துருங்கன்னா"ன்னாரு. வாங்கிப் பரண்ல போட்டேன். தொறக்கலை. அதுல என்னத்தை மாத்தி எழுதியிருக்காளோன்னு பயம்.

பரீட்சை அன்னைக்கு என்ன பாடு தெரியுமா? தூத்துக்குடியில சென்டர். சென்டர் வாசல்ல வேப்ப மரத்துக்கு அடியில வாந்தி எடுத்தேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. நடிப்பு இல்லம்மா, நெசமாவே வந்துச்சு. அங்க இருந்த ஒரு போலீஸ்காரப் பொண்ணு தண்ணி குடுத்து, முதுகைத் தடவிவிட்டு, "பதட்டப்படாதீங்கம்மா, உங்களுக்குத் தெரிஞ்சதுதான் வரும்"னு சொல்லுச்சு. அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். அது பேசுன பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

உள்ள போய் உக்காந்தேன். ஹால் டிக்கெட்டைப் பாக்க வந்த மேடம் என் பின்னால வந்து நின்னா. அவ நிக்க நிக்க எனக்கு எழுத்தே தெரியலை. பின்னால வந்து நிக்காதீங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு. நானும் அப்படித்தான் கிளாசுல நிப்பேன், ஆனா அது பிள்ளைக காப்பியடிக்காம இருக்க.

கேள்விகளைப் பாத்தா, எனக்குத் தெரிஞ்சதுதான். பாதிக்கு மேல இசக்கி சொல்லிக்குடுத்தது. அங்கதான் வெனை. ஒரு கேள்வியைப் படிச்சதும் அவ குரல் கேக்கும். "இதுதாங்கக்கா." உடனே இன்னொண்ணு கேக்கும். "அவ வேணும்னே மாத்திச் சொல்லியிருந்தா?" வட்டத்தைக் கறுப்பா அடைக்கணும், அடைச்சா அழிக்க முடியாது. அப்புறம் அவ சொன்னதை விட்டுட்டு வேறதை அடைச்சேன். அப்படிப் பதினோரு கேள்வி. எண்ணி வச்சிருக்கேன். கடிகாரக் கணக்கும் ஒண்ணு வந்துச்சு, நாலரை மணி. கைடு போட்ட மாதிரி சின்ன முள்ளு நகரலைன்னே வச்சுப் போட்டேன். வெளிய வரும்போது அவளை ஜெயிச்சிட்ட மாதிரி இருந்துச்சு.

விடைக்குறிப்பு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு போனை என் முன்னால வச்சாரு. பதினொண்ணுல பத்து, இசக்கி சொன்னதுதான் சரி.

ரிசல்ட்ல எனக்குப் பாஸுக்கு ஆறு மார்க் குறைவு.

ஆறும்மா.

அதுக்கப்புறந்தான் பரண்ல இருந்து அந்த நோட்டை எடுத்தேன். நான் எந்தெந்த எடத்துல தப்புப் பண்ணுவேனோ, அதையெல்லாம் ஒண்ணுவிடாமக் குறிச்சு, எப்படி ஞாபகம் வச்சுக்கிடணும்னு பக்கத்துல எழுதியிருந்தா. முதல் பக்கத்துல, "அக்கா, உங்களுக்கு எல்லாம் தெரியும். பயந்தா மட்டும்தான் மாத்திப் போடுவீங்க. முதல்ல தோணுறதைப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருங்க"ன்னு எழுதியிருந்தா. வேற ஒண்ணும் இல்ல. அந்த ஒரு பக்கத்தை நான் எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது.

மன்னிப்புக் கேக்கணும்னு எனக்குத் தோணாம இல்ல. அவ அதுக்குள்ள திருநெல்வேலிக்குப் போயிட்டா. அங்க ஒரு பயிற்சி நிலையத்துல அவளுக்கு வேலை கிடைச்சிருச்சு, இந்த மாதிரி வேலையில இருக்குற வாத்தியார்களுக்கு ஞாயித்துக்கிழமை வகுப்பு எடுக்க. கொழுந்தனும் கூடவே போயிட்டாரு. பாத்தீங்களா, ஒரு வகையில நல்லதுதானே நடந்திருக்கு? நர்சரியிலயே இருந்தா இது கிடைச்சிருக்குமா? இதை நான் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாரு.

எனக்கு வேற வழி இல்ல. இன்னும் ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் எழுத முடியும். அவ மாதிரி எனக்குச் சொல்லிக்குடுக்க வேற ஆள் இல்ல. துணிஞ்சு கிளம்பிட்டேன். அந்த முதல் ஞாயிறு பஸ்ஸுல வரும்போதே என்ன பேசணும்னு யோசிச்சு வச்சிருந்தேன். 'இசக்கி, மனசுல வச்சுக்கிடாத, பயத்துல பேசிட்டேன்'னு ஆரம்பிக்கணும். அவ, "அதை விடுங்கக்கா, உக்காருங்க"ன்னு சொல்லுவா. அப்படித்தான் நினைச்சேன்.

அந்தப் பயிற்சி நிலைய வாசல்ல மேசை போட்டு, பதிவேட்டை வச்சுக்கிட்டு அவதான் உக்காந்திருந்தா. எனக்கு முன்னால நாலு பேரு. என் முறை வந்துச்சு. நிமிந்து பாத்தா. என்னை நேராப் பாத்தா.

"பேரு?"ன்னா.

நான் சிரிச்சேன். அவ சிரிக்கலை. பேனாவைப் புடிச்சுக்கிட்டு இருக்கா.

"ஆவுடையம்மாள்."

"வயசு?"

"அம்பத்தி ஒண்ணு."

"எத்தனாவது தடவை எழுதுறீங்க?"

"ரெண்டாவது."

எழுதிக்கிட்டா. "கடைசி பெஞ்சுல எடம் இருக்கு. போய் உக்காருங்கம்மா"ன்னா.

அம்மான்னா. அக்கான்னு சொல்லலை. எத்தனையோ பேரு வந்து போற எடம்லா, கூட்டத்துல என்னைச் சரியாக் கவனிச்சிருக்க மாட்டா. இல்லைன்னா, சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டுதான்னு மத்தவங்க பேசுவாங்கன்னு அப்படிக் கேட்டிருப்பா. நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்.

இன்னைக்கு ஆறாவது ஞாயிறு. அருமையா எடுக்கா. ஒருத்தரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்லுறதில்ல. மார்க்கைக்கூடத் தாள்ல எழுதி, மடிச்சு, அவங்கவங்க கையிலதான் குடுக்கா. எல்லாரும் கை தூக்கிச் சந்தேகம் கேக்காங்க. அவ கிட்ட வந்து, குனிஞ்சு சொல்லிக்குடுக்கா. எனக்கும் சந்தேகம் இருக்கு. இந்த நாலாவது நிலையே எனக்கு நிக்க மாட்டேங்குது. போன வாரம் கையைப் பாதி தூக்குனேன். அவ கண்ணு இந்தப் பக்கம் திரும்புச்சு. நான் கையை இறக்கித் தலையைச் சொறிஞ்சிக்கிட்டேன். கிட்ட வந்து, மறுபடியும், "என்னம்மா வேணும்?"னு கேட்டுட்டா?

தாழையூத்து வந்துருச்சு போல. அடுத்து நான் வண்ணாரப்பேட்டையில எறங்கணும். நீங்க எங்க எறங்குதீங்க? அங்கதானா? உங்களுக்கு அவசர வேலை ஏதும் இல்லையே?

ஒண்ணும் இல்ல. ரோட்டைத் தாண்டுனா ரெண்டாவது கட்டடம். நீங்க உள்ள வர வேண்டாம். பேச வேண்டாம். அந்த வாசல் வரைக்கும், சும்மா என்கூட நடந்து வந்தாப் போதும்.